போலியும் தடையும்: உயிரணுவினுள் செலுத்தப்படும் சிற்றிழைகள்

தில்லியில் நமது குடியிருப்பில் வாழும் அன்பர் ஒருவர் அண்மையில் ஓர் ஐயத்துடன் நம்மிடம் வந்தார். அவருடைய மகள் ஹைதராபாத்தில் உயிரியல் ஆராய்ச்சி மாணவி. ஞாயிறுதோறும் தொலைபேசியில், “என்னம்மா செய்துகொண்டிருக்கிறாய்?” என்று தந்தை கேட்பார். “மிமிக் போட்டிருக்கிறேன் அப்பா, 48 மணி நேரம் கழித்துத்தான் தெரியும்” என்பாள் அவள். மறுவாரம், “இன்ஹிபிட்டர் போட்டேன், ஒன்றும் தெரியவில்லை” என்பாள். அதற்குமேல் பேச்சு சாப்பாட்டுக்கும் மழைக்கும் திரும்பிவிடும். “நீங்கள் சர்க்காரில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறவர். அவள் என்னதான் போடுகிறாள், எதில் போடுகிறாள் என்பதைத் தமிழில் சொல்லக்கூடாதா?” என்று அவர் கேட்டார்.

நாமோ கலைப் பாடங்களைப் பயின்று பட்டம் பெற்றவர். எனினும் கேள்வி நியாயமானது. வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று இந்நிலை உண்டு. பிள்ளைகள் செய்யும் தொழிலுக்கு வீட்டு மொழியில் சொல் இல்லை; சொல் இல்லாமையால் அதைப் பற்றிய பேச்சும் இல்லை. ஆகவே இது குறித்துப் படித்தும், அறிந்தாரிடம் கேட்டும் நாம் தெரிந்துகொண்டவற்றை நேயர்களுக்கு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். ‘மிமிக்’ என்பதைப் ‘போலி’ என மொழிபெயர்த்தால், கள்ளச் சரக்கு என்ற எண்ணம் சிலருக்கு எழக்கூடும். ஆயின் இலக்கணம் கற்றோர்க்குப் போலி என்பது இழிசொல் அன்று. ‘முகம்’ என்பது ‘முகன்’ என நிற்பதும், ‘பந்தல்’ என்பது ‘பந்தர்’ என நிற்பதும் போலியே. ஓரெழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறாதிருப்பதையே நம் இலக்கணிகள் அப்பெயரால் அழைத்தனர். ஆராய்ச்சிச்சாலையில் செய்யப்படும் மிமிக்கும் அத்தகையதே. இயற்கைப் பொருளின் இடத்தில் செயற்கைப் பொருள் நின்று அதே வேலையைச் செய்கிறது. இத்துணைப் பொருத்தமான சொல் நமது அலுவலில் எளிதில் அகப்படுவதில்லை. ‘இன்ஹிபிட்டர்’ என்பதைத் ‘தடை’ என்றே வைத்துக்கொள்வோம்.

எதற்குப் போலி, எதற்குத் தடை என்பது அடுத்த கேள்வி. அதற்கு உயிரணுவின் நிர்வாக முறையைச் சிறிது அறிதல் வேண்டும். செயலகத்தில் பணிபுரிவோர்க்கு இது எளிதில் விளங்கும். மூல ஆவணமாகிய டி.என்.ஏ. உயிரணுவின் உட்கருவாகிய பதிவறையை விட்டு வெளியே வருவதில்லை. தேவையான பகுதிக்கு மட்டும் நகல் எடுக்கப்படுகிறது. அந்நகலே தூது ஆர்.என்.ஏ. அது வெளியே வந்து, அதிற்கண்டபடி புரதம் செய்யப்படுகிறது. நெடுங்காலம் விஞ்ஞானிகள் அறிந்திருந்த கதை பெரும்பாலும் இவ்வளவே. ஆனால் எந்த அலுவலகத்திலும், வெளியே சென்ற நகல் அனைத்தும் உடனே நிறைவேற்றப்படுவதில்லை அன்றோ? ‘நிறுத்தி வைக்கவும்’ என்றொரு துண்டுச் சீட்டு நகலோடு இணைக்கப்பட்டு, கோப்பு அப்படியே கிடப்பதும் உண்டு. உயிரணுவிலும் அத்தகைய துண்டுச் சீட்டுகள் உள்ளன. அவற்றுக்கே மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பெயர். ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உடையவை அவை.

அவை கண்டுபிடிக்கப்பட்டது ஒரு புழுவில். மண்ணில் வாழும் அப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. உடல் ஒளி ஊடுருவத்தக்கது. அமெரிக்காவில் விக்டர் ஆம்புரோஸ், கேரி ருவ்குன் என்னும் இருவர் அதன் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். லின்-4 என்னும் மரபணு பழுதுற்ற புழு, இளம்பருவத்தைத் தாண்ட இயலாமல் அதனையே மீண்டும் மீண்டும் நடத்தியது. லின்-14 என்பதில் பழுது உற்றாலோ, நேர்மாறாகப் பருவங்கள் முந்தி நிகழ்ந்தன. ஆம்புரோஸின் குழுவினர் லின்-4 மரபணுவைத் தேடிப் பிடித்தபோது அது எந்தப் புரதத்தையும் செய்யவில்லை. 22 எழுத்துள்ள ஒரு சிறிய ஆர்.என்.ஏ. இழையை மாத்திரம் செய்தது. 1992-ஆம் ஆண்டில் இரு குழுவினரும் தத்தம் எழுத்து வரிசைகளை ஒப்பிட்டனர். லின்-4 இழையின் எழுத்துகள் லின்-14 தூதின் கடைசிப் பகுதியில் பல இடங்களில் இணைசேரக் கூடியனவாய் இருந்தன. சீட்டும் கோப்பும் பொருந்திவிட்டன. 1993-இல் இம்முடிவுகள் வெளியாயின; பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்றே கருதினர். 2000-ஆம் ஆண்டில் லெட்-7 என்னும் இரண்டாவது இழை கண்டறியப்பட்டு, அது மனிதனிலும் மாறாமல் இருப்பது தெரிந்தபின் கதை வேறாயிற்று. 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு இவ்விருவர்க்கும் அளிக்கப்பட்டது.

இச்சிற்றிழை எங்ஙனம் உருவாகிறது? முதலில் ஒரு நீண்ட இழை தோன்றித் தன்மேல் தானே மடிந்து கொண்டையூசி வடிவம் கொள்கிறது. உட்கருவினுள்ளே டுரோஷா என்னும் நொதி அதனைத் துண்டிக்கிறது. வெளியே வந்தபின் டைசர் என்னும் நொதி கொண்டையை அரிந்து, 22 எழுத்தளவான இரட்டை இழையை மிச்சம் வைக்கிறது. அவ்விரண்டில் ஓரிழை ஆர்கோநாட் எனப்படும் புரதத்தின் மடியில் அமர்கிறது. மற்றது பெரும்பாலும் கழிந்தொழிகிறது. அமர்ந்த இழையில் 2-ஆம் எழுத்து முதல் 8-ஆம் எழுத்து வரை உள்ள பகுதியை ‘விதை’ என்பர். அஞ்சல் உறையின்மீது நாம் எழுதும் ஆறிலக்கக் குறியீட்டு எண் போன்றது அது. ஓர் எண்ணின்கீழ் பல தெருக்கள் அடங்குவதுபோல், அவ்வேழு எழுத்துக்கு இணையான இடம் எத்தனையோ தூதுகளில் உண்டு. ஆகவே ஒரே சிற்றிழை நூற்றுக்கணக்கான தூதுகளை அடக்கவல்லது. இவ்வசதியே ஆராய்ச்சியாளர்க்குத் தலைவலியும் ஆகிறது; அதனைப் பின்னர்ப் பார்ப்போம்.

இன்ன சிற்றிழை இவ்வுயிரணுவில் என்ன வேலை செய்கிறது என்று அறிய இரண்டு வழிகள் உண்டு. அதனை மிகுவித்துப் பார்க்கலாம். அல்லது செயலற்றதாக்கிப் பார்க்கலாம். மிகுவிக்கப் போலி, செயலறுக்கத் தடை.

போலி என்பது இரசாயன முறையில், எழுத்து எழுத்தாகக் கோத்துச் செய்யப்படும் இரட்டை இழை. டைசர் அரிந்து முடித்த நிலையில் இயற்கையிழை எப்படி இருக்குமோ அப்படியே இது இருக்கும். ஆகவே முன்னுள்ள வெட்டுப் படிகளைத் தாண்டி நேரே ஆர்கோநாட்டிடம் சென்று சேரலாம். ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. இரண்டு இழையில் எது அமரவேண்டும் என்பதைத் தற்செயலுக்கு விட்டால் வேண்டாத துணையிழை அமர்ந்து, சம்பந்தமில்லாத தூதுகளை அடக்கிவிடக்கூடும். அதனைத் தவிர்க்கத் துணையிழையில் சிறு இரசாயன மாற்றங்களைச் செய்து, அது ஆசனம் ஏறாதபடி செய்துவிடுகிறார்கள்.

தடையின் அமைப்பு வேறு. அது ஒற்றை இழை. இயற்கைச் சிற்றிழைக்கு எழுத்துக்கு எழுத்து எதிரிணையாக அமைந்தது. ஆர்கோநாட்டின் மடியில் அமர்ந்திருக்கும் சிற்றிழையை அது இறுகப் பற்றிக்கொள்கிறது. பற்றப்பட்ட சிற்றிழை தனக்குரிய தூதைத் தேடிச் செல்ல இயலாது. சாதாரண ஆர்.என்.ஏ.வால் இதனைச் செய்தால் உயிரணுவின் நொதிகள் விரைவில் அதனை அரித்துவிடும். எனவே ஒவ்வோர் எழுத்துக்கும் அடித்தளமான சர்க்கரை வளையத்தில் மெதைல் தொகுதி ஒன்றைச் சேர்க்கின்றனர்; அல்லது அவ்வளையத்தை ஒரு பாலத்தால் பூட்டி அசையாமற் செய்கின்றனர். பூட்டிய வகை மிக உறுதியாகப் பற்றும். ஆதலின் முழு நீளமும் தேவையில்லை, 15 எழுத்தே போதும்.

இனி அந்தப் பெண் செய்யும் வேலைக்கு வருவோம். தட்டையான பிளாஸ்டிக் கிண்ணங்களில் உயிரணுக்கள் வளர்கின்றன. போலியை வெறுமனே ஊற்றினால் அது உள்ளே புகாது. உயிரணுவின் தோல் கொழுப்பாலானது, ஆர்.என்.ஏ.யோ எதிர்மின்னூட்டம் உடையது. ஆகவே நேர்மின்னூட்டமுள்ள கொழுப்புத் துளிகளில் அதனைப் பொதிந்து கொடுக்கின்றனர். அத்துளிகளை உயிரணு விழுங்கிக்கொள்கிறது. பிறகு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை காத்திருத்தல்.

எவ்வளவு கொடுப்பது? இவ்விடத்தில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம், திகைப்பே உண்டாயிற்று. ஒரு மில்லிலிட்டர் நீரில் 10 நானோமோலார் அளவு போலி என்றால் அதில் 6 லட்சம் கோடி மூலக்கூறுகள் இருக்கும். அந்தக் கிண்ணத்தில் ஒரு லட்சம் உயிரணுக்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பங்குக்கும் 6 கோடி. இயற்கையிலோ, மிக மிகுதியாக உள்ள சிற்றிழையே உயிரணு ஒன்றில் பல பத்தாயிரம் என்ற அளவில்தான் காணப்படும். கொடுத்தது முழுவதும் உள்ளே செல்வதில்லை என்பது உண்மையே. ஆயினும் பத்துப்பேர் அமரும் பந்தியில் ஓராயிரம் பேரை விட்டால் என்ன நேருமோ அதுவே இங்கும் நேரும். இருக்கின்ற ஆர்கோநாட் ஆசனங்களைப் போலியே கைப்பற்றிக்கொள்ள, உயிரணுவுக்குச் சொந்தமான பிற சிற்றிழைகள் இடமின்றி நிற்கும். அவை அடக்கிவைத்திருந்த தூதுகள் தலைதூக்கும். இம்மாற்றங்களையும் போலியின் செயல் என்று ஆராய்ச்சியாளர் எழுதிவிட்டால், ஏட்டில் அச்சாவது பொய்யே.

இன்னொரு மயக்கமும் உண்டு. உட்சென்ற போலியின் அளவை எண்ணிப் பார்க்கும் முறையில் உயிரணு முழுவதையும் கரைத்து எண்ணுவர். கொழுப்புத் துளியோடு ஒட்டிப் பைகளுக்குள் சிறைப்பட்டுச் செயலற்றுக் கிடப்பதும் அக்கணக்கில் சேர்ந்துவிடும். ‘ஆயிரம் மடங்கு உயர்ந்தது’ என்று காணும் செய்தியால் ஆயிரம் மடங்கு வேலை நடந்தது என்று கொள்ளலாகாது. தேர்ந்தவர்கள் ஆர்கோநாட்டைத் தனியே பிரித்தெடுத்து, அதன் மடியில் உள்ளதை மாத்திரம் எண்ணுகின்றனர்.

இக்காரணங்களால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பக்கத்தில் வேறு கிண்ணங்கள் வைக்கப்படுகின்றன. ஒன்றில் கொழுப்புத் துளி மட்டும். கொழுப்பே உயிரணுவை வருத்தக்கூடியது அல்லவா? மற்றொன்றில், எந்தத் தூதுக்கும் உரியதல்லாத எழுத்து வரிசையுடைய இழை, அதே அளவில். இவற்றோடு ஒப்பிட்டு எஞ்சும் வேறுபாடே சான்றாகும். ஒப்பீட்டுக் கிண்ணம் இல்லாத பரிசோதனையைப் படிப்பது, மூலத்தைப் பாராமல் மொழிபெயர்ப்பைத் திருத்துவது போன்றது.

அன்பரின் மகள் “ஒன்றும் தெரியவில்லை” என்றாளே, அதற்கும் ஒரு காரணம் இருக்கக்கூடும். தடையிட்டுப் பயன் காணவேண்டுமாயின் அச்சிற்றிழை அவ்வுயிரணுவில் முன்பே நிறைய இருத்தல் வேண்டும். இல்லாததைத் தடுத்தால் என்ன தெரியும்? அதுபோலவே முன்பே நிரம்பியுள்ள இடத்தில் போலியைச் சேர்த்தாலும் பெரிதாக எதுவும் தெரியாது. அன்றியும், லெட்-7 போன்றவை தனியாள் அல்ல. ஒரே விதையுடைய சகோதரர் பலர் கொண்ட குடும்பம். ஒருவரைக் கட்டினாலும் மற்றவர் வேலையைச் செய்துவிடுவர்.

போலியின் ஆற்றலை நன்கு காட்டிய பரிசோதனை ஒன்று 2005-இல் வெளிவந்தது. லீ லிம் என்பாரும் அவர்தம் கூட்டத்தாரும் ஹீலா உயிரணுக்களை எடுத்துக்கொண்டனர். 1951-இல் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றிலிருந்து, அவரறியாமலே எடுக்கப்பட்டு இன்றுவரை வளர்ந்துகொண்டிருக்கும் உயிரணுக்கள் அவை. மூளையில் மிகுதியாகக் காணப்படும் மிர்-124 என்னும் சிற்றிழையை அவற்றுள் செலுத்தியபோது, ஏறத்தாழ நூறு தூதுகள் குறைந்தன. குறைந்தவை யாவை என்று பார்த்தால், மூளையில் இயல்பாகவே குறைந்திருப்பவையே பெரும்பான்மை. தசைக்குரிய மிர்-1 இழையைச் செலுத்தியபோது அணுவின் போக்கு தசையை நோக்கித் திரும்பியது. கருப்பை வாய்ப் புற்றின் உயிரணு மூளையணுவாக மாறிவிடவில்லை. திசை மட்டுமே திரும்பியது. 2008-இல் புரதங்களை அளந்து பார்த்த ஆய்வுகள், பெரும்பாலான புரதங்கள் பாதியளவுக்குக்கூடக் குறைவதில்லை என்று காட்டின. சிற்றிழையின் ஆட்சி மெல்லிய ஆட்சி. பத்திரிகைகளில் ‘நோயின் விசை கண்டுபிடிப்பு’ என்று தலைப்பிடுவோர் இதனை நினைவிற் கொள்வதில்லை.

போலி இன்ன தூதை நேரடியாகவே அடக்குகிறது என்று நிறுவும் முறை நமக்கு மிகவும் பிடித்தது. மின்மினிப் பூச்சி ஒளிவிடக் காரணமான நொதி ஒன்று உண்டு. அதன் மரபணுவின் வாலில், ஐயத்துக்குரிய தூதின் கடைசிப் பகுதியை ஒட்டவைத்து உயிரணுவினுள் விடுகின்றனர். உயிரணு ஒளிர்கிறது. போலியைச் சேர்த்தால் ஒளி மங்க வேண்டும். மங்கினால் மட்டும் போதாது. வாலில் விதை பொருந்தும் இடத்தின் இரண்டு மூன்று எழுத்துகளை மாற்றிவிட்டு மீண்டும் போலியைச் சேர்க்கின்றனர். இப்போது ஒளி மங்காதிருக்க வேண்டும். அவ்வளவிலும் நிறைவடையாதவர்கள் போலியின் எழுத்துகளையும் அதற்கேற்ப மாற்றி, ஒளி திரும்பவும் மங்குவதைக் காட்டுவார்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கறிஞரும் இதற்குமேல் என்ன கேட்பார்?

தடையின் வரலாற்றில் முதன்மையான பெயர் மிர்-122. இது கல்லீரலுக்கே உரியது. 2005-இல் கொலஸ்டிரால் இணைத்த தடையிழையை எலிக்கு ஊசிமூலம் செலுத்தியபோது மிர்-122 ஒடுங்கியது; இரத்தத்தில் கொலஸ்டிராலும் குறைந்தது. அதே ஆண்டில் மற்றொரு வியப்பு. கல்லீரலைக் கெடுக்கும் சி வகை ஹெப்படைட்டிஸ் வைரஸ், தன் ஆர்.என்.ஏ.யின் தலைப்பகுதியில் மிர்-122-ஐ வரவழைத்துக் கவசம்போல் அணிந்துகொள்கிறது. அடக்க வந்த சிற்றிழையையே காவலாளாக்கிக் கொண்டது அவ்வைரஸ்! கிண்ணத்தில் தடையிட்டபோது வைரஸின் அளவு சரிந்தது. இதிலிருந்து மிராவிர்சென் என்னும் 15 எழுத்து மருந்து தோன்றியது. 36 நோயாளிகளிடம் வாரம் ஒன்றாக ஐந்து ஊசிகள் போட்டுப் பார்த்த முடிவு 2013-இல் வெளியாயிற்று. அளவு கூடக்கூட வைரஸ் குறைந்தது. சிலரிடம் காணப்படாமலே போயிற்று. ஆனால் அதே காலத்தில் வைரஸை நேரே தாக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. மிராவிர்சென் மருந்துக் கடைக்கு வரவில்லை.

மிர்-122 பற்றிய அறிவில் நம் நாட்டவர் ஒருவர்க்கும் பங்கு உண்டு. சுவேந்திர பட்டாச்சாரியா, பாசெல் நகரில் விட்டோல்ட் ஃபிலிபோவிச்சின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியபோது 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவின்றி வாடும் கல்லீரல் உயிரணு, மிர்-122 நிறுத்திவைத்திருந்த ஒரு தூதை விடுவித்து மீண்டும் வேலைக்கு அனுப்புவதைக் காட்டினார். துண்டுச் சீட்டைக் கழற்றவும் முடியும் என்பது அதனால் தெரிந்தது. பின்னர்க் கொல்கத்தாவிலுள்ள இந்திய இரசாயன உயிரியல் கழகத்தில் அவர் இவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார்.

போலியின் கதையில் துயரமான அத்தியாயமும் உண்டு; அதனை மறைத்துச் சொல்வது முறையன்று. மிர்-34 என்னும் சிற்றிழை, உயிரணுவின் காவலன் எனப்படும் பி-53 புரதத்தின் ஏவலால் மிகுவது; புற்றணுக்கள் பலவற்றில் குறைந்திருப்பது. கிண்ணத்தில் அதன் போலியை இட்டால் புற்றணுக்கள் பெருகுவது நின்றது. எலிகளில் கட்டி சுருங்கியது. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்து நிறுவனம் ஒன்று அதனைக் கொழுப்புறையில் பொதிந்து, எம்.ஆர்.எக்ஸ்.-34 என்ற பெயரால் 2013-இல் நோயாளிகளிடம் சோதிக்கத் தொடங்கியது. மனிதருக்குக் கொடுக்கப்பட்ட முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ. போலி அதுவே. சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் வேறு சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் கட்டுக்கடங்காது கிளர்ந்தது, நால்வர் உயிரிழந்தனர். 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது.

கிண்ணத்தில் ஒரே வகை உயிரணு. உடலிலோ எத்தனையோ வகை. இரட்டை இழை ஆர்.என்.ஏ.யைக் கண்டால் வைரஸ் வந்துவிட்டதென்று எச்சரிக்கை மணி அடிக்கும் காவல் ஏற்பாடுகள் நம் உடலெங்கும் உள்ளன. வைரஸைத் தடுக்க அவை வேண்டும்; போலியைச் செலுத்துவோர்க்கு அவையே இடையூறு. எழுத்துகளில் எவ்விடத்தை மாற்றினால் காவலர் விழிக்காமலும், ஆர்கோநாட் மறுக்காமலும் இருப்பர் என்பதைத் தேடுவதிலேயே இன்றைய உழைப்பிற் பெரும்பகுதி செல்கிறது. அதுவரை போலியும் தடையும் மருந்தாக அல்ல, வினாவாகவே கிண்ணங்களில் இடப்படுகின்றன.

இவற்றையெல்லாம் அன்பருக்கு இரண்டு மாலைகளில் சொன்னோம். அடுத்த ஞாயிறு அவர் மகளிடம், “தடை போட்டாயே, அந்த உயிரணுவில் அந்த மிர் முதலில் இருக்கிறதா என்று பார்த்தாயா?” என்று கேட்டாராம். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “அதைத்தான் அப்பா நேற்று எங்கள் ஆசிரியரும் கேட்டார்” என்றாளாம். அன்று தொலைபேசி அரை மணி நேரம் கழித்தே வைக்கப்பட்டது. இப்போது அவள் வேறு கல்லீரல் உயிரணுவை வளர்த்துக்கொண்டிருக்கிறாள். அது கிண்ணத்தை நிரப்பிப் பரவ இன்னும் நான்கு நாட்கள் ஆகுமாம்.